உன் ஊரில் எத்தனை லிஃப்ட்?

ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் வாயாடியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத்தில் சொல். போன் வேண்டாம். அம்மா போன பிறகு நாம் போனில் பேசிய நாலு தடவையும் நான் கத்தினேன், நீ அழுதாய். கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது பார்.

அத்தானுடைய லிஃப்ட் கம்பெனி எங்கள் ஊரில் கிளை திறக்கிறதாம், மூத்த மெக்கானிக்காக அவரைக் கூப்பிடுகிறார்களாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை, உன் மகள்தான் சொன்னாள். அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்தது வீண்போகவில்லை.

வந்துவிடு அக்கா. இது பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஒரு கோடியில் பஸ் ஏறினால் முப்பத்தைந்து நிமிஷத்தில் மறுகோடி. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வீட்டிலிருந்து நடந்தே பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறேன். குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு கிடைக்கும். உன் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கிறதே, அது மாதிரி இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றினேன் என்பாய். எட்டு மணிக்குமேல் கடை கிடையாது. நல்ல செருப்பு கிடைக்காது. தெருவில் புதிதாக யார் வந்தாலும் பத்து கேள்வி கேட்பார்கள்.

யோசித்து எழுது. ரொம்ப யோசிக்காதே.

உன் தங்கை


ஜனவரி 19

என் அவசரக்காரிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால், அதற்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டும். அத்தானுக்கு வலது தோள் தூக்க முடியவில்லை. எனக்குக் கால். வாயாடிக்கு மட்டும் வாய் நன்றாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஒன்றே முக்கால் மணி நேரம் போய், எட்டு மணி நேரம் நின்றபடி சட்டைகளில் நூல் பிசிறு பார்த்துவிட்டு, மறுபடி ஒன்றே முக்கால் மணி நேரம் வருகிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எனக்கு இந்த ஊர் அலுத்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வருஷ அலுப்பு பழகிப்போன அலுப்பு. அங்கே வந்து புதிதாக அலுத்துக்கொள்ளத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அத்தானிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு மாடிக்கு மேல கட்டடமே இல்லாத ஊர்ல லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை? ஈ ஓட்டவா? ஒரே வருஷத்துல கிளையை மூடிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. முதல்ல அங்க எத்தனை லிஃப்ட் இருக்குன்னு கேளு."

அதனால் கேட்கிறேன். உன் ஊரில் எத்தனை லிஃப்ட்? பிப்ரவரி பத்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

குளிருக்கு ஏதாவது போர்த்திக்கொள். உனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கும், என்னை வேலை வாங்கிய அத்தானுக்கும்,

நான் சௌக்கியம். உங்கள் தோளும் காலும் தேவலையா?

இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மதியச் சாப்பாட்டு நேரமும் செலவழித்து எண்ணிவிட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. ஓடுவது இருபத்திரண்டு. மீதி ஒன்பதில் ஒன்றில் துடைப்பமும் வாளியும் வைத்திருக்கிறார்கள், அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஒரு குடியிருப்பில் காவலாளி என்னை விடவில்லை. "யாரும்மா நீங்க, வரி ஆபீஸா?" என்றார். "இல்லைங்க, லிஃப்ட் இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன். "இருக்கு. பாத்தாச்சில்ல, கிளம்புங்க" என்றார். ஓடுகிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நீங்க ஏறிப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும்" என்று சிரித்தார். ஓடவில்லை. ஐந்து மாடி படியேறி மேலே இருந்தவரிடம் கேட்டேன், ஒன்றரை வருஷமாக மெக்கானிக் வரவில்லையாம். அத்தான், இந்த ஊர் உங்களுக்காகத் தவம் கிடக்கிறது.

துணிக்கடைகளில் ஆறு, வங்கியில் ஒன்று, குடியிருப்புகளில் இருபது, கல்லூரியில் இரண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு. ஆஸ்பத்திரியின் இடது பக்க லிஃப்ட்டுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். நாலாவது மாடியில் கதவு மூடி, திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து, மூன்றாம் தரம்தான் நிஜமாக மூடும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அது செய்கிற அழும்பு தாங்க முடியாது. ஓட்டுகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், மூன்றாம் தரம் மூடும்வரை தலை நிமிரவே மாட்டார்.

பத்தாம் தேதிக்குள் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை. எல்லோரும் ஏதோ இருக்கிறோம். உன் உடம்பு எப்படி?

உன் கணக்கை அத்தான் இரண்டு தரம் படித்தார். துடைப்பம் வைத்த லிஃப்ட்டைப் படித்துச் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

கம்பெனியில் தேதியை நீட்டியிருக்கிறார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் யோசிக்க நேரம் இருக்கிறது. பள்ளிக்கூடம் எப்படி? வாயாடிக்கு அடுத்தது கடைசி வருஷம், நடுவில் மாற்றினால் சேர்த்துக்கொள்வார்களா? தோள் வலிக்கு நல்ல டாக்டர் உண்டா? எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? தையல் கம்பெனி ஏதாவது இருக்கிறதா? தண்ணீர் கோடையிலும் வருமா?

அவசரமில்லை. முடிந்தபோது எழுது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நலம், நலமே விழைகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே எழுதிவிடுகிறேன், இன்று புதிதாக யோசிக்கச் சோம்பலாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். கடைசி வருஷத்தில் சேர்ப்பது கஷ்டம்தான், ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்தால் பார்க்கலாம் என்றார். தோளுக்கு டாக்டர் உண்டு, பொறுமையாகப் பேசுகிறவர். தையல் கம்பெனி ஒன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்ய ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், எட்டிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். தண்ணீர் கோடையில் ஒருவேளைதான் வரும், பொய் சொல்ல மாட்டேன்.

எண்ணாமல் விட்ட தெருக்கள் இரண்டு இருந்தன, அங்கேயும் போனேன். இன்னும் மூன்று லிஃப்ட். ஒன்றும் ஓடவில்லை, மூன்று கட்டடமும் ஏறி இறங்கியதில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்து, யாரைத் தேடி வந்தேன் என்று கேட்டாள். அத்தானுக்கு வேலை தேடி என்றேன்.

அத்தானிடம் சொல், அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இப்போது தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலி இடித்துக்கொள்கிறது. காலையில் ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது, மதியம் இறங்கும்போது அது போடுகிற குலுக்கலில் தலை சுற்றுகிறது. போன சனிக்கிழமை இரண்டு மாடிக்கு நடுவில் பத்து நிமிஷம் நின்றுவிட்டது.

கடையில் என் நேரத்தை மாற்றிக்கொண்டேன். செவ்வாயும் சனியும் தவிர எப்போது வந்தாலும் இருப்பேன். ஒரு தரம் வந்து பார்த்துவிட்டாவது போங்களேன்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். வாயாடிக்குப் பரீட்சை. எனக்கு ஏற்றுமதி நேரம், ஞாயிறும் வேலை. பேனா பிடிக்கவே நேரமில்லை.

அந்த விஷயம் இன்னும் யோசனையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் வரலாம் என்று தோன்றுகிறது, மறுபக்கம் பார்த்தால் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அங்கே பஸ் பாஸ் உண்டா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

நலம்தான். பஸ் பாஸ் உண்டு.

இதைக் கேட்கத்தான் ஒன்றரை மாதம் ஆயிற்றா? நீ ஒரு கேள்வி கேட்கிறாய், நான் ஓடிப்போய்ப் பதில் கொண்டு வருகிறேன், நீ வேறு கேள்வி கேட்கிறாய். எனக்கு அலுத்துவிட்டது அக்கா. கோபமாக எழுதக்கூட முடியவில்லை.

இத்தனை நாள் நான் எழுதாத குறைகளையும் எழுதிவிடுகிறேன். இங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களின் கண் பவர் எனக்கு மனப்பாடம், ஆனால் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், வாசலோடு நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போகவே போகாது. போன மாதம் இரண்டு நாள் நான் கடைக்குப் போகவில்லை. முதலாளியம்மா ஒரு தரம் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை, விட்டுவிட்டாள். தனியாக வருகிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர் இல்லை. நீங்கள் மூன்று பேராக வந்தால் நல்ல ஊர்தான். நாலு பேராகிவிடுவோம்.

வருகிறாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது. இல்லை என்றாலும் பரவாயில்லை, என் கால் ஓயும்.

தங்கை


மே 12

மரியாதைக்குரிய மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. இருபது வருஷத்தில் வேலைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம், அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உன் கடிதங்களை நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன். கதவு மூன்றாம் தரம் மூடுவது சென்சர் பழுது. தரைக்கு மேலே நிற்பது பிரேக் தேய்ந்தது. இரண்டையும் சரியாக எழுதியிருக்கிறாய். ஒரு தரம் எண்ண வந்தவளுக்கு இதெல்லாம் தெரியாது. மற்ற லிஃப்ட்டுக்கெல்லாம் ஓடுகிறது, ஓடவில்லை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய். இதற்கு மட்டும் கிழமை எழுதியிருக்கிறாய். செவ்வாய், சனி. நாங்கள் வந்தால் இருக்க மாட்டேன் என்று நீ எழுதிய நாளும் செவ்வாய், சனி.

காலையில் ஏறி மதியம் இறங்குகிறாய். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மாலையில் வந்து அரைமணியில் போய்விடுவார்கள். நான் பல ஆஸ்பத்திரிகளில் லிஃப்ட் பார்த்தவன்.

புதுக் கிளைதான் இப்போது அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிறது. அவர்களுடைய ஆய்வு அறிக்கை எங்கள் ஆபீசுக்கும் வரும். எந்த மாடிக்கு யார் போகிறார்கள் என்று மாடி வாரியாக எழுதியிருக்கும். வாங்கிப் பார்த்தேன். நாலாவது மாடியில் டயாலிசிஸ் பிரிவு மட்டும்தான்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஜனவரி இருபத்திரண்டாம் தேதியே வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தேதியை யாரும் நீட்டவில்லை. உன் அக்காவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. உனக்குச் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டேன், அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். 

எப்படி இருக்கிறாய்?

அத்தான்


மே 20

அக்காவுக்கு,

அத்தானுக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை, இதையே அவரும் படிக்கட்டும்.

பதினோரு மாதமாக டயாலிசிஸ். செவ்வாயும் சனியும் நாலு மணி நேரம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முடிந்ததும் லிஃப்ட்டில் இறங்கி, வெளியே பெஞ்சில் அரைமணி உட்கார்ந்து, தலைசுற்றல் நின்றதும் பஸ் ஏறுவேன். அவ்வளவுதான் விஷயம். நன்றாக இருக்கிறேன் என்று எழுதியது பொய்.

ஆனால் உன் பொய்க்கு முன்னால் என் பொய் எம்மாத்திரம்! ஜனவரி இருபத்திரண்டு! நீ முடிவு செய்து, எழுதிக் கொடுத்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகு நான் இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிற நான், அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு? உன் வீட்டுக்காரருக்கு முப்பத்துநாலு லிஃப்ட் என்று சொல்ல. நீ அதை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் கோடையில் வருமா என்று கேட்கிறாய். எப்படி அக்கா மனசு வந்தது?

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் நீ வந்திருப்பாய், அதுதான். படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஆறு வருஷம் பணிவிடை செய்தாயே, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு. அம்மா அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அது எனக்கு வேண்டாம். நெரிசல் இல்லை, ஜன்னல் இருக்கிறது என்று நீயாகப் பிரியப்பட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இனிமேல் வர வேண்டாம். பழகிவிட்டது எனக்கு.

தங்கை


மே 27

என் தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை கடிதத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதில் வேண்டிக் கேட்கவில்லை. இன்று அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது, நீயே அலுத்து விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்தபோதெல்லாம் எனக்கு உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் யாரையும் முன்னால் விடாதவள் நீ. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயே என்று கேட்கவில்லை.

வர மாட்டேன் என்றது உன் ஊரை நினைத்து இல்லை, உன்னை நினைத்துத்தான். கூடப் பிறந்தவள் பக்கத்தில் போய்க் குடியிருந்தால், நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் நான்தான் பார்க்க வேண்டும் என்று பயந்தேன். அம்மாவைப் பார்த்த ஆறு வருஷத்தில் எனக்குள் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. இனி என்னை நம்பி யாரும் படுக்கக் கூடாது என்று இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அத்தானிடம்கூடச் சொன்னதில்லை, தோள் வலியைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியது எனக்கும் தெரியும். நீ பார்த்திருப்பாய் என்று தெரியாது.

அத்தான் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "நான் சமைச்சுக்கறேன், வாயாடி குறை சொல்லட்டும், நீ கிளம்பு" என்கிறார். அவளுடைய கடைசி வருஷம் முடியும்வரை அவர்கள் இருவரும் இங்கே. என் வேலையை விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடையாள அட்டையை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். மறுநாள் செவ்வாய். நீ வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்தேன், கேட்கப் போவதில்லை. அக்கறையோடு சிரித்துக்கொண்டே பார்த்துக்கொள்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டாம் வாரமே சலித்துக்கொள்வேன். நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, கால் வலிக்கிறது என்று முனகுவேன். கத்து, உனக்குத்தான் அது நன்றாக வருமே. ஆனால் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன்.

அந்த முகம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் வேறு முகம் இல்லையடி. அதை வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

அக்கா